வன்குரலும் நம் குரலே

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மூத்தோர் நால்வர் சார்பில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் குறளின் பெருமையையும் சிலம்பின் சிறப்பையும் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு எங்கள் நால்வருக்கும் இடப்பட்ட பணி அதனின் வேறானது. சில திங்களுக்கு முன் நம் இளைஞர் சிலர் செயற்குழுவிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தனர். ஆண்டு விழாவில் அரைமணி நேரம் தங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும், கிதாரும் டிரம்ஸும் கொண்டு தங்களுக்குப் பிடித்த இசையை வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். எவ்வகை இசை என்று கேட்டபோது, ‘பிளாக் மெட்டல்’ என்றனர். அதன் ஒரு துணுக்கைக் கைப்பேசியில் ஒலிக்கவும் விட்டனர். குழுவினர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! “இது இசையா, இரைச்சலா?” என்றார் ஒருவர். “பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?” என்று ஓர் அம்மையார் உண்மையிலேயே அஞ்சிக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் துணிவு வரவில்லை. இறுதியில், வயதில் மூத்த நால்வர் அந்த இசையை முறையாகக் கேட்டுக் கருத்துரைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இன்றைய உரை எங்கள் அறிக்கை என்று கொள்க.

இவ்விசை நம் தீவுக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு காலத்தில் கப்பல் வந்தால்தான் நமக்குக் கடிதம். கப்பல் வந்தால்தான் பாட்டு நாடா. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையிலிருந்து கடலடியில் இடப்பட்ட ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைக் கம்பிவடம் தொடங்கி வைக்கப்பட்டது. அது கரையேறிய இடங்களுள் நம் ரங்கத்தும் ஒன்று. அதன்பின் உலகத்தின் எந்த மூலையில் எழும் ஒலியும் நம் பிள்ளைகளின் காதுக்கு எட்டுகிறது. நாம் அறியாத பாட்டை அவர்கள் அறிவதில் வியப்பில்லை. அறியாமலேயே நாம் தீர்ப்புச் சொல்லிவிடுவதுதான் தவறாகும்.

இளைஞர்கள் எங்களிடம் கொடுத்த இசைத்தொகுப்பு சிங்கப்பூரைச் சேர்ந்த ‘ருத்ரா’ என்னும் குழுவினருடையது. 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. பெயர் ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’. முதல் நாள் இரவு நால்வரும் கூடி அமர்ந்தோம். உண்மையை மறைப்பானேன்? பத்து நிமிடத்திற்குமேல் எங்களால் தாங்க இயலவில்லை. முழக்கம், உறுமல், மறுபடியும் முழக்கம்! ஒருவர் எழுந்து போய்விட்டார். மறுநாள், எங்களுக்கு அதைக் கொடுத்த பையன் வந்து, “தாத்தா, துண்டு துண்டாகக் கேட்டால் இது பிடிபடாது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை கேளுங்கள். அதற்கு முன் இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்” என்றான். சிறுவன் சொல்லானாலும் நியாயமான சொல். கேட்டறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

இவ்வன்னிசையின் வேர் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் டோனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞர், உலோகத் தகடு வெட்டும் ஆலையில் தம் கடைசி நாள் வேலையின்போது வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை எந்திரத்திற்குப் பலிகொடுத்தார். அவர் இடக்கையால் மீட்டுபவர். ஆகவே தந்திகளை அழுத்த வேண்டிய விரல்களே போயின. அவர் சோர்ந்துவிடவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னாளில் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். தளர்ந்த தந்தியிலிருந்து ஆழ்ந்த, கனத்த ஓசை எழுந்தது. அவருடைய ‘பிளாக் சப்பாத்’ குழுவின் முதல் இசைத்தட்டு 1970இல் வெளிவந்தது. ‘ஹெவி மெட்டல்’ எனப்படும் இசை அங்கிருந்தே கிளைத்தது என்பர். தொழிலாளி ஒருவரின் காயத்தில் பிறந்த ஓசை இது என்பதை அறிந்ததும், மர ஆலையிலும் சாலை வேலையிலும் கைகாய்த்த எங்களுக்கு அதன்பால் ஒரு நெருக்கம் உண்டாயிற்று.

அதே நாட்டின் ‘வெனம்’ என்னும் குழு 1982இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் ‘பிளாக் மெட்டல்’. அப்பெயரே பின்னர் ஒரு வகைக்குப் பெயராயிற்று. 1990களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு இளைஞர் அதனை மேலும் கடுமையாக்கினர். அந்தக் கதையில் வெட்கப்படத்தக்க பகுதியும் உண்டு. 1992இல் பெர்கன் நகருக்கு அருகே பழமையான மரத் தேவாலயம் ஒன்று தீயிட்டு எரிக்கப்பட்டது, வேறு தேவாலயங்களும் எரிந்தன, கொலைகளும் நிகழ்ந்தன. பெற்றோர் இதனை அறிந்திருக்க வேண்டும். ஆயினும் அதே நார்வேயில், அதே ஆண்டுகளில், ‘என்ஸ்லேவ்ட்’ என்னும் குழு வேறு வழி நடந்தது. 1991இல் அது தொடங்கப்பட்டபோது அதன் கிதார் கலைஞருக்கு வயது பதின்மூன்று! அவர்கள் தம் முன்னோரின் பழங்கதைகளைப் பாடினர். 1994இல் வெளிவந்த முதல் முழுத்தொகுப்பில் ஐஸ்லாந்து மொழியில் பாடினர். பத்து நிமிடத்திற்கும் மேற்பட்ட பாட்டுகளை அமைத்தனர். நாளடைவில் உறுமலோடு இனிய குரலையும், வேகத்தோடு அமைதியையும் இணைத்தனர். இவ்வாறு விரிந்து, மாறி, வளர்ந்து செல்லும் போக்கையே ‘புரோகிரசிவ்’ என்கின்றனர். தீயிட்டவரும் அவ்விசையையே வாசித்தனர். பழங்கதை போற்றியவரும் அதனையே வாசித்தனர். கத்தி ஒன்றுதான், பிடித்த கைதான் வேறு.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1992இல் நம்மவர் சிலர் அங்கே ஒரு குழு அமைத்தனர். கதிர் என்பார் பாடுபவர், பாஸ் கிதார் மீட்டுபவர். சிவா என்பார் டிரம்ஸ் முழக்குபவர். இடையில் கலைந்து, மீண்டும் கூடி, 1998இல் ‘ருத்ரா’ என்ற பெயரிலேயே முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். தங்கள் இசைக்கு ‘வேதிக் மெட்டல்’ என்று பெயரும் இட்டனர். கதிர் வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர். இசை ஆய்வோர் இக்குழுவைப் பிளாக் மெட்டலுக்கும் அதன் உடன்பிறப்பான டெத் மெட்டலுக்கும் இடைப்பட்ட எல்லையில் வைக்கின்றனர். எந்தக் கட்டத்தில் அடைத்தாலும், கடல்கடந்து வாழும் இந்தியர் மேனாட்டு ஓசையை எடுத்து உபநிடதத்தைப் பாடுகின்றனர் என்பது மட்டும் மாறாது.

இத்தொகுப்பின் பெயரைப் பாருங்கள். இறுதியில் நிற்கும் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தை நாங்கள் முதலில் ‘முதற் பாகம்’ என்று எண்ணினோம். அன்று! ‘நான்’ என்பதே அதன் பொருள். ஆதியாகிய நான். அடுத்து 2009இல் ‘டிரான்சென்டென்டல் ஐ’, அதாவது கடந்து நிற்கும் நான். 2011இல் ‘இம்மார்ட்டல் ஐ’, அதாவது அழியாத நான். மூன்று தொகுப்பும் ‘நான் யார்’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. முதல் தொகுப்பில் ‘அகம் பிரம்மாஸ்மி’ என்ற பெயருடைய பாட்டு ஒன்று உண்டு. அத்தொடர் பிருகதாரண்யக உபநிடதத்து மகாவாக்கியம் என்பதைப் பெரியோர் அறிவீர்கள். ஆதிசங்கரருக்கு வணக்கம் என்று பொருள்படும் தலைப்பும் அதில் உண்டு.

இவற்றை அறிந்தபின் இரண்டாம் முறை அமர்ந்தோம். அன்று பெருமழை. நம் ஊர் மழையை நான் சொல்ல வேண்டுமா! தகரக் கூரையில் அது இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சும் கேளாது. புதிதாக வந்தவருக்கு அது வெறும் இரைச்சல். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையோ அந்த இரைச்சலுக்குள் ஒவ்வோர் ஒலியாகப் பிரித்துக் கேட்கும். இது ஓடையில் விழும் நீர், இது வாழையிலையில் விழுவது, இது காற்று திரும்பிய அடையாளம் என்று சொல்லும். அவ்வாறே இந்த இசையையும் கேட்கக் கற்றுக்கொண்டோம். டிரம்ஸின் இடைவிடாத அடி கூரைமேல் விழும் மழை. கிதாரில் ஒரே தந்தியை மிக விரைவாக முன்னும் பின்னும் மீட்டுகின்றனர். அடிகள் ஒன்றோடொன்று கலந்து நீண்ட ஒரே நாதமாகின்றன. தம்பூரின் சுருதியைப் போல அது பின்னின்று தாங்குகிறது. அதன்மேல் மெல்ல மெல்ல ஒரு பண் நகர்கிறது. முதல் நாள் நாங்கள் கேட்டது மழை. இரண்டாம் நாள் கேட்டது அதற்குள் ஓடிய நீரோட்டம்.

குரலுக்கு வருவோம். எல்லோரும் அஞ்சுவது அதற்குத்தான். நம் தொண்டையில் பேசுவதற்குரிய குரல்நாண்களுக்கு மேலே இன்னோர் இணை மடிப்புகள் உள்ளன. அவற்றையும் சேர்த்து அதிரவைத்தால் உறுமல் பிறக்கும். முறையாகப் பயின்றவர் வயிற்றுக் காற்றைக்கொண்டு அதனைச் செய்கின்றனர். பயிலாதவர் செய்தால் தொண்டை புண்ணாகும். இந்த உறுமல் நமக்குப் புதிதா? ‘ருத்ர’ என்ற பெயரே அழுதலும் முழங்குதலும் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வர். பட்டினப்பாலை பாடிய சங்கப் புலவர் பெயர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அப்பெயர் தமிழில் அத்தனை பழமையானது. நம் உறுமியை நினைத்துப் பாருங்கள். ஒரு முகத்தை அடித்து, மறு முகத்தை வளைந்த கோலால் தேய்க்கும்போது எழும் முனகல் இனிய ஓசையா? இல்லை. ஆயினும் அது எழுந்தால் காவடி எடுத்தவன் கால் நிற்பதில்லை. பறையைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுகிறோமே, எதற்காக? ஓசை நெஞ்சில் மோத வேண்டும் என்பதற்காக. கருப்பசாமிக்கும் சுடலைமாடனுக்கும் நாம் தாலாட்டுப் பாடுவதில்லை. சாமி வந்து இறங்கியவர் பேசும் குரலும் மென்குரல் அன்று. நம் தெய்வங்கள் எல்லாம் புன்னகை புரிவன அல்ல. பைரவரும் வீரபத்திரரும் காளியும் நம்முடையவர்களே. சபையில் கேட்கும் இசை மட்டுமே நம் இசை என்று எப்போது முடிவு செய்தோம்?

இந்த இடத்தில் ஒரு செய்தி. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிக்க 1973 முதல் தடை இருந்தது. 2016இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் வாசிக்க இசைவு கிடைத்தது. இந்தக் குழுவினர் முதன்முதல் கூடிய 1992இல் அந்நகர வீதியில் காவடிக்கு உறுமி ஒலிக்க இசைவு இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று நாங்கள் சாதிக்க வரவில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து அறிந்தபோது எங்களுள் ஒருவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

தாளத்திலும் நீளத்திலும் கூட நாம் அந்நியர் அல்லர். ஐந்தும் ஏழுமாக எண்ணிக்கை மாறிவரும் தாளங்கள் புரோகிரசிவ் இசையின் பெருமை என்கின்றனர். கண்ட சாபும் மிசிர சாபும் அறிந்த நமக்கு ஐந்தும் ஏழும் அச்சமூட்டுமா? பாட்டு நீண்டுகொண்டே போகிறது என்பது ஒரு குறை. விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்! உடுக்கடித்து அண்ணன்மார் கதையை இரவெல்லாம் கேட்ட மரபு நம்முடையது. மூன்று நிமிடத்தில் பாட்டு முடிய வேண்டும் என்பது திரைப்படமும் இசைத்தட்டும் கற்றுக்கொடுத்த வழக்கமே அன்றி, நம் முன்னோர் விதித்த விதி அன்று.

இவையெல்லாம் வெளி அழகு. இந்தத் தொகுப்பில் நம் பிள்ளைகளை ஈர்ப்பது எது? அந்தப் பையனையே கேட்டோம். அவன் சொன்ன விடையை அப்படியே தருகிறோம்: “தாத்தா, பள்ளியில் நான் இந்தி பேசுகிறேன். கடைத்தெருவில் வங்காளம் பேசுகிறேன். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தால் தமிழ். ஊர் எது என்று கேட்டால் அப்பா ஒரு பெயர் சொல்கிறார்; நான் அதைப் பார்த்ததுகூட இல்லை. நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. சினிமாப் பாட்டு யாரோ ஒருவருடைய காதலைச் சொல்கிறது. இது என் கேள்வியைக் கேட்கிறது. அதுவும் நான் உள்ளே எவ்வளவு உரக்கக் கேட்கிறேனோ அவ்வளவு உரக்கக் கேட்கிறது.”

அன்பர்களே, நாங்கள் நால்வரும் தலைகுனிந்தோம். நாம் இந்தத் தீவுக்கு வந்து காடு திருத்தினோம், வீடு கட்டினோம், கோயில் எழுப்பினோம், சங்கம் அமைத்தோம். நாம் யார் என்று நமக்கு ஐயம் இருந்ததில்லை; ஏனெனில் நம் ஊர் நம் கண்ணுக்குள் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த ஊர் இல்லை. அவர்களுக்கு நாம் விட்டுச் செல்வது ஒரு மொழியும் சில திருநாள்களும்தாம். அவற்றை அவர்கள் தங்கள் தொண்டையில் ஏற்றிக்கொள்ளாவிட்டால், இந்தச் சங்கத்தின் பெயர்ப்பலகை நம்மோடு முடிந்துவிடும். கடலுக்கு அப்பால் இன்னொரு தீவில் வளர்ந்த நம்மவர் பிள்ளைகள், தம் காலத்து ஓசையைக்கொண்டு தம் முன்னோரின் கேள்வியைக் கேட்டனர். நார்வேயின் பிள்ளைகளும் அதையே செய்தனர். இத்தொகுப்பின் கவர்ச்சி அதில்தான் இருக்கிறது என்பது எங்கள் துணிபு. அதன் சினம் பிறர்மேல் பாயும் சினம் அன்று. ‘நான், எனது’ என்னும் செருக்கின்மேல் பாயும் சினமாகவே எங்களுக்குப் பட்டது. அத்தகைய சினத்திற்கு மென்குரல் போதாது.

குறைகள் இல்லையா? உண்டு, மறைக்க மாட்டோம்.

முதற்குறை மொழி. அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் பாடுகின்றனர். 2001இல் வந்த தொகுப்பின் பெயர் ‘தி ஆர்யன் குருசேட்’. கேட்டதும் நம்மில் சிலர் புருவத்தை நெரிப்பீர்கள். வடமொழியில் அச்சொல்லுக்குப் பண்பில் உயர்ந்தோர் என்ற பழம்பொருள் உண்டு என்று அமைதி கூறலாம். ஆனால் தமிழ்ச் சங்கத்து மேடையில் நின்று, தமிழில் ஏன் இல்லை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்தக் கேள்வியை அக்குழுவினரிடம் கேட்பதைவிட நம் பிள்ளைகளிடம் கேட்பதே பயன் தரும். சிவவாக்கியர் பாடாத சினமா? பட்டினத்தார் பாடாத துறவா? ‘நான் யார்’ என்ற கேள்வியைச் சித்தர்களைவிடக் கடுமையாகக் கேட்டவர் யார்? இந்த வன்குரலுக்கென்றே காத்திருப்பனபோல அப்பாடல்கள் கிடக்கின்றன.

இரண்டாம் குறை செவிக்கு நேரும் கேடு. உலகச் சுகாதார நிறுவனம், 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரத்திற்குமேல் கேட்பது பெரியவர்களுக்கே தீங்கு என்றும், சிறுவர்க்கு 75 டெசிபலே எல்லை என்றும் அறிவுறுத்துகிறது. ஆகவே காதுக்குள் கருவியைச் செருகிக்கொண்டு இரவெல்லாம் கேட்கும் வழக்கத்தை இளைஞர்கள் கைவிட வேண்டும். இது பாட்டன்மாரின் கண்டிப்பு.

மூன்றாம் குறை கூட்டு. இவ்வகை இசையில் வெறுப்பைப் பாடுவோரும் உளர் என்பதை முன்னரே சொன்னோம். பெற்றோர் தடுப்பதால் மட்டும் அது தீராது. கூட அமர்ந்து கேட்டால் தீரும். “என்ன பாடுகிறான், பொருள் சொல்” என்று மகனிடம் கேட்கும் தந்தைக்கு, மகன் போகும் வழி தெரிந்திருக்கும்.

இனி எங்கள் முடிவு. அடுத்த ஆண்டு விழாவில் இளைஞர்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம் என்று நால்வரும் ஒருமனதாகப் பரிந்துரைக்கிறோம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது இளைஞர்களுக்கு: வாசிக்கும் பாட்டுகளுள் ஒன்றேனும் தமிழாக இருத்தல் வேண்டும், வாசிக்குமுன் அதன் பொருளை மேடையில் எடுத்துரைத்தல் வேண்டும். இரண்டாவது பெரியவர்களுக்கு: அந்த அரைமணி நேரமும் ஒருவரும் எழுந்து போகக்கூடாது! முதல் நாள் எழுந்து போன எங்கள் நண்பர், தாம் முன்வரிசையில் அமர்வதாக இப்போதே வாக்களித்திருக்கிறார்.

இசை எங்களுக்கு முற்றும் பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். இன்றும் எங்கள் காதுக்கு நாகசுரமே அமுதம். ஆனால் அந்த முழக்கத்துக்குள் நம் வீட்டுப் பிள்ளையின் குரலைக் கேட்டோம். கேட்டபின் அதனை இரைச்சல் என்று சொல்ல நா எழவில்லை.